வெறும் ஓட்டம்

2025 ஜூலை 14, திங்கட்கிழமை. காலை 5.35க்கு எழுந்தேன். மாடித் தொட்டியில் தண்ணீர் பாதிக்குக் கீழே இருந்தது. மோட்டாரைப் போட்டு இருபது நிமிடத்தில் நிறுத்தினேன். சஞ்சீவி மலைப் பக்கம் மேகம், மழை இல்லை. நடை நாற்பது நிமிடம். காப்பி, மூன்று இட்லி, ரத்த அழுத்த மாத்திரை ஒன்று. 9.15க்கு அலுவலகத்தைத் திறந்தேன். என்னிடம் வேலை செய்யும் நான்கு பேரில் மூவர் வந்திருந்தார்கள். சேத்தூரிலிருந்து வருபவருக்குப் பேருந்து தாமதம். ஒரு நூற்பாலைக்கு எழுதிக்கொண்டிருக்கும் நிரலில் இரண்டு பிழைகளைச் சரிசெய்தோம். 1.20க்கு பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினேன். அங்கே ஒரு கல்லூரியில் 2.30க்கு என் பேச்சு. தலைப்பு: கணினி முன்னோடிகளிடம் நாம் கற்க வேண்டியவை.

இதுவரை உள்ளது அன்றைய நாட்குறிப்பில் இருப்பதுதான். இருபத்தாறு ஆண்டுகளாக நாள் தவறாமல் எழுதுகிறேன். ஆனால் 2.30க்குப் பிறகு நடந்ததை அன்று என்னால் எழுத முடியவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பேச்சை ஒன்பது ஆண்டுகளாகப் பல ஊர்களில் பேசிவருகிறேன். அதில் எப்போதும் கைதட்டல் வாங்கித் தரும் கதை ஒன்று உண்டு. நிலவுக்குப் போன விண்கலத்தின் கணினிக்கு நிரல் எழுதிய குழுவை ஒரு பெண்மணி நடத்தினார். சில நாட்களில் தன் சிறு மகளையும் வேலையிடத்துக்கு அழைத்துவருவார். ஒருநாள் அந்தக் குழந்தை ஒத்திகைக் கருவியின் பொத்தான்களை விளையாட்டாக அமுக்கியதில், புறப்படும் முன் மட்டும் ஓட வேண்டிய நிரல் பறக்கும் நடுவில் ஓடத் தொடங்கி எல்லாம் நின்றுபோயிற்று. இதற்கு ஒரு தடுப்பு எழுதிவிடலாம் என்று தாய் கேட்டார். பயிற்சி பெற்ற வீரர்கள் அப்படியெல்லாம் அமுக்க மாட்டார்கள் என்று மேலிடம் மறுத்தது. பின்னர் நிஜமான பயணம் ஒன்றில், பயிற்சி பெற்ற ஒரு வீரர் அதையேதான் அமுக்கினார். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துவேன். மாணவர்கள் சிரித்துக் கைதட்டுவார்கள். அன்றும் தட்டினார்கள்.

பேச்சு முடிந்து மேடையை விட்டு இறங்கியபோது, கல்லூரி நூலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண் என்னிடம் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"சார், செத்த நேரம் பேசலாமா? அந்தச் சின்னப்பிள்ளை பட்டன அமுக்குன கதைய எங்க அக்காவும் சொல்லுவா. வேற யாரும் சொல்லி நான் கேட்டதே இல்ல."

"உங்க அக்கா எங்க இருக்காங்க?"

"போன வருசம் தவறிட்டா சார். ராஜபாளையத்துல பேண்டேஜ் கம்பெனில இருந்தா. அங்க எல்லாரும் சிஸ்டம் அக்கான்னுதான் கூப்பிடுவாக."

அந்த அக்காவை எனக்குத் தெரியும். அவர் இறந்தது எனக்குத் தெரியாது.

"நீங்களும் அப்ப அங்கதான வேலை பாத்தீங்க? அக்கா சொல்லிருக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். அங்க ஒரு தப்பு நடந்து வேலைய விட்டு அனுப்புனாங்கள்ல, அது நெசமாவே அவ தப்புதானா? வீட்ல கேட்டா எந்திரிச்சுப் போயிருவா. கையெழுத்துப் போட்டது நாந்தானன்னு மட்டும் சொல்லுவா. சாகுற வரைக்கும் அம்புட்டுதான் சொன்னா."

"ரொம்ப வருசம் ஆச்சும்மா. சரியா ஞாபகம் இல்ல" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். "ஞாபகம் வந்தா சொல்லுங்க சார். சர்ச்சுக்குப் பின்தெரு, நீலக் கேட்டு. நானும் அம்மாவும்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

அந்தத் தொழிற்சாலை ராஜபாளையத்துக்கு வெளியே, மருத்துவமனைகளுக்குக் காயத்துணி செய்யும் இடம். துணியை மடித்து, உறையிலிட்டு, பெட்டிகளில் அடைத்து, இரும்புத் தள்ளுவண்டிகளில் அடுக்குவார்கள். ஒவ்வொரு வண்டியாக ஒரு பெரிய நீராவிப் பெட்டிக்குள் தள்ளிக் கதவை இறுக்குவார்கள். அழுத்தமும் சூடும் சேர்ந்து கிருமிகளைக் கொல்லும். அதற்கு ஆங்கிலத்தில் பெயர் உண்டு. ஆனால் அங்கே வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் அது குக்கர்தான். குக்கரிலிருந்து வெளியே வந்த வண்டிக்குக் கணினி ஒரு சீட்டுக் கட்டை அச்சடித்துக் கொடுக்கும். கிருமி நீக்கியது என்று அந்தச் சீட்டில் இருக்கும். சீட்டு ஒட்டிய பிறகு அந்தத் துணி ஏதாவது ஓர் ஊரில் யாருடைய புண்ணின் மீதாவது போய் உட்காரும்.

அந்தத் தொழிற்சாலைக்கு முதன்முதலில் கணினி வந்தபோது அதைத் தொடத் துணிந்தவர் சிஸ்டம் அக்கா ஒருவர்தான். தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவர். தபால்வழிப் பாடத்திலும் நூலகத்துப் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளிலும் தானாகப் படித்து, கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஓடும் ஒரு நிரலை எழுதினார். எனக்குத் தெரிந்து எங்கள் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலைக்காக முழு நிரலை எழுதிய முதல் ஆள் அவர்தான். வண்டியைக் குக்கருக்குள் தள்ளும்போது அதன் எண்ணைத் தட்ட வேண்டும். வெளியே எடுக்கும்போது மறுபடி தட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சீட்டு வரும். பதினான்கு ஆண்டுகள் அந்த நிரல் ஓடியது.

அதை எடுத்துவிட்டுப் புதியது எழுத முதலாளி அழைத்தது என்னை. 2007இல் எனக்கு முப்பது வயது. சென்னையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன். முதல் நாள் நான் உள்ளே நுழைந்தபோது, துணி மடிக்கும் பகுதியிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஏலே, ஜீன்ஸ் போட்ட சாரு வந்துட்டாரு. அக்கா பெட்டிக்கு இன்னிக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டிரலாம்." எங்கள் பக்கம் படுத்துக்கிடக்கும் முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியே அனுப்பிவிடுவார்கள் என்பதை வைத்து, அக்காவின் பழைய கணினியைச் சொன்ன கேலி. அக்காவும் சேர்ந்து சிரித்தார். அவருக்கு என்னைவிட நான்கு வயது அதிகம்; ஆனாலும் கடைசிவரை என்னைச் சார் என்றுதான் அழைத்தார்.

கணினி முன்னோடிகளைப் பற்றி நான் மேடையில் சொல்லும் பெரும்பாலான கதைகள் அவரிடமிருந்து வந்தவை. நான் கல்லூரியில் கணினி படித்தவன். எனக்கு அவை தெரிந்திருக்கவில்லை. தேநீர் நேரத்தில் ஒரு காகிதத்தில் படம் போட்டுக்கொண்டே சொல்வார். இன்னும் கட்டி முடிக்கப்படாத இயந்திரத்துக்காக நிரல் எழுதிவைத்த பெண். துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காக மறுநாள் வரை காத்திருந்தவர்கள். காத்திருக்க வேண்டியிருந்ததால் ஒவ்வொரு வரியையும் முதலில் காகிதத்தில் ஓட்டிப் பார்த்தவர்கள். இயந்திரத்துக்குள் சிக்கிய அந்துப்பூச்சியைப் பதிவேட்டில் ஒட்டிவைத்தவர்கள். அந்தப் பூச்சிக் கதையில் எல்லோரும் பூச்சியைப் பார்த்துச் சிரிப்பார்கள். அக்கா வேறொன்றைப் பார்த்தார். "தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சாங்க, நாலு பேரு பாக்குற நோட்டுல ஒட்டுனாங்க. மறைக்கல பாருங்க சார், அதான் எனக்குப் பிடிச்சது" என்றார்.

அவரிடமும் ஒரு பதிவேடு இருந்தது. நீளமான, கோடு போட்ட நோட்டு. என்ன பிழை, எப்போது, யாரால், எப்படிச் சரியானது என்று நான்கு பத்திகள். 'யாரால்' என்ற பத்தியில் அதிகமாக இருந்தது அவருடைய பெயர்தான். நான் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் முதலாளி பாத்தா என்ன நினைப்பாரு?" என்று கேட்டேன். "பாத்துட்டுதான் சம்பளம் குடுக்காரு" என்றார்.

அவருக்கென்று ஒரு முறையும் இருந்தது. எந்த நிரலானாலும் முதலில் ஒன்றுமே கொடுக்காமல் ஓட்டிப் பார்ப்பார். பெயர் கேட்கும் இடத்தில் பெயர் இல்லாமல், எண் கேட்கும் இடத்தில் எண் இல்லாமல். அதற்கு அவர் வைத்த பெயர் வெறும் ஓட்டம். "நெறஞ்சிருக்கப்ப எல்லாம் ஒழுங்காத்தான் சார் ஓடும். வெறும் வயித்துல என்ன பண்ணுதுன்னு பாக்கணும்" என்பார்.

என் புதிய நிரலில் தட்டச்சே கிடையாது. அதுதான் என் பெருமை. துணி மடித்து முடிந்ததும் வண்டிகள் தானாக வரிசையில் பதிவாகும். குக்கர் ஒரு ஓட்டத்தை முடித்ததும், வரிசையில் முதலாவதாக உள்ள வண்டிக்குக் கணினியே சீட்டு அச்சடித்துவிடும். இரண்டு முறை எண் தட்டும் வேலை போனதில் குக்கர் பகுதி ஆட்களுக்குப் பெரும் மகிழ்ச்சி. அக்கா மட்டும் என் நிரலின் தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போய், காகிதத் துண்டுகளை வண்டிகளாக வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் பதிவேட்டில் ஒரு கேள்வி எழுதி என் முன் வைத்தார். ஆயுத பூஜைக்குக் குக்கரை வெறுமனே ஓட்டுவார்களே, அப்போது என்ன ஆகும்?

அங்கே அது வழக்கம். பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, ஒவ்வொரு இயந்திரத்தையும் சாமிக்காகச் சற்று நேரம் வெறுமனே ஓட்டி நிறுத்துவார்கள். மற்றவற்றை இரண்டு நிமிடத்தில் நிறுத்தலாம். குக்கரை மட்டும் நிறுத்த மாட்டார்கள். அது பாதியில் நின்றால் வருடம் முழுவதும் வேலை பாதியில் நிற்கும் என்று அங்கிருந்த போர்மேன் நம்பினார். அக்கா தேவாலயத்துக்குப் போகிறவர். பூஜையன்று அவர் கேட்காமலேயே முதலாளி விடுமுறை கொடுத்துவிடுவார். ஆனால் சேர்ந்த புதிதில் இரண்டு வருடம் ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். சந்தனம் தெளித்து, பொரி தின்று வளர்ந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

கேள்விக்குக் கீழே நீல மையில் எழுதினேன்: 'அப்படி நடக்காது. பூஜையன்று கணினியை அணைத்துவைப்பார்கள்.' அவர் படித்துவிட்டு, "உங்க புரோகிராம் நல்ல பிள்ளை சார், சொன்னத மட்டும் செய்யும். நம்ம ஆளுக சொல்லாததையும் செய்வாக. ஒரு தடவ வெறுமனே ஓட்டிப் பாத்துருவோம்" என்றார். குக்கரை அதற்காக நிறுத்த நேரமில்லை என்றேன். நிரல் உடனே நடைமுறைக்கு வர வேண்டும் என்று முதலாளி அவசரப்பட்டார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அக்கா. அன்று மாலை நான் அவருடைய மேசையருகே நின்று, "இதுக்குப் போய் ரெண்டு வாரம் இழுக்கணுமா?" என்று கேட்டேன். குரலில் எரிச்சல் இருந்தது. அவர் பதிவேட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நிலவுக்குப் போன விண்கலத்தின் கதையை அவர் எனக்குச் சொல்லி அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கேட்டபோது நான் அந்த மேலிடத்தை எவ்வளவு கேலி செய்தேன் என்பதும் நினைவிருக்கிறது.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கணினியை யாரும் அணைக்கவில்லை. அதன் திரைக்கும் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். சாமிக்கு முன்னால் திரை கறுப்பாக இருக்கலாமா? குக்கரின் முறை வந்தபோது போர்மேன் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "சார், உங்க புரோகிராமுக்கும் இதான முதப் பூசை. உங்க கையாலயே போடுங்க." எல்லோரும் கைதட்டினார்கள். நான் பொத்தானை அமுக்கினேன்.

உள்ளே ஒன்றும் இல்லை. வெளியே, பூஜைக்கு முதல் நாள் மடித்து முடித்த வண்டி ஒன்று வரிசையில் முதலாவதாக நின்றுகொண்டிருந்தது. குக்கர் முழு ஓட்டம் ஓடி முடிந்தது. பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் அந்த வண்டிக்குச் சீட்டுகளை அடித்துத் தள்ளியது. அப்போது நான் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். விடுமுறை முடிந்து வந்தவர்கள் சீட்டுகளைப் பார்த்தார்கள், எண்ணைப் பார்த்தார்கள், வண்டி குக்கருக்குள் போய்வந்துவிட்டது என்று நினைத்து ஒட்டினார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பெட்டிக்கு ஒன்றாக, சூடு பட்டால் நிறம் மாறும் காகிதப் பட்டை ஒன்றை உள்ளே வைப்பார்கள். எங்கோ ஓர் ஊரில் பெட்டியைப் பிரித்த ஒரு செவிலியர், பட்டை நிறம் மாறாமல் இருப்பதைக் கண்டு தொலைபேசியில் கூப்பிட்டார். அந்த வண்டியில் போன பெட்டிகளைத் திரும்ப வரவழைத்தார்கள். இரண்டு பெட்டிகள் மட்டும் திரும்பவில்லை. அவை பிரிக்கப்பட்டனவா, எங்கே, யாருக்கு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

முதலாளியின் அறையில் நான்கு பேர் இருந்தோம்: முதலாளி, போர்மேன், அக்கா, நான். முதலாளி கத்தவில்லை. "இந்தப் புரோகிராமச் சரிபாத்தது யாரு?" என்று மட்டும் கேட்டார். "நாந்தான் சார் கையெழுத்துப் போட்டேன்" என்றார் அக்கா. பதிவேடு அவருடைய மடியில் மூடியபடி இருந்தது. அதில் அவருடைய கேள்வியும் இருந்தது, என் நீல மைப் பதிலும் இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை இல்லை, குற்றம் சாட்டும் பார்வையும் இல்லை. நான் பேசுவேன் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார். பேசுவதற்கு எனக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. போர்மேன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசைமேல் இருந்த காகித எடைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே அக்காவை வேலையை விட்டு அனுப்பினார்கள். படியிறங்கும்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "அந்த ரெண்டு பெட்டிய மட்டும் எப்படியாச்சும் தேடச் சொல்லுங்க சார்." இரண்டு நாள் தொலைபேசியில் தேடினேன். பிறகு விட்டுவிட்டேன். நிரலில் இருந்த ஓட்டையைப் பத்தே வரியில் அடைத்தேன். குக்கருக்குள் வண்டி இருக்கிறதா என்று முதலில் கேட்கும் பத்து வரி. வேகமாகச் சரிசெய்துவிட்டதாக முதலாளி என்னைப் பாராட்டினார். அடுத்த மாதம், எடைக்குப் போடக் கட்டிவைத்த பழைய காகிதங்களுக்கு நடுவில் அந்தப் பதிவேட்டின் முதுகைப் பார்த்தேன். எடுக்கவில்லை. அது போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை. ஆனால் அவர் இல்லாமல் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. எந்த நிரலையும் முதலில் வெறுமனே ஓட்டிப் பார்க்கிறேன். என்னிடம் வேலை செய்பவர்களையும் ஓட்டச் செய்கிறேன். "சார் இன்னும் பட்டினி போடலையா புரோகிராம?" என்று அவர்களுக்குள் கிண்டல் செய்துகொள்வார்கள். அந்த முறை யாருடையது என்று அவர்கள் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. ஒன்றுமே கொடுக்காமல் பொத்தானை அமுக்கும் அந்த ஒரு நொடியில், மேசைக்கு அந்தப் பக்கம் யாரோ தாள்களோடு நின்று பார்ப்பது போலத் தோன்றும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவுக்கு வயிற்றில் அறுவை நடந்தபோது, கட்டு மாற்ற வரும் செவிலியரிடம் ஒவ்வொரு உறையையும் வாங்கி, இப்போது உறையிலேயே வரும் பட்டையின் நிறத்தைப் பார்த்தேன். "என்ன சார், இன்ஸ்பெக்டரா?" என்று அவர் சிரித்தார். அப்பாவின் காயம் ஆறியது. ஆறாத காயம் எங்காவது இருந்ததா என்ற கேள்வி ஒவ்வொரு உறையோடும் என் கைக்கு வந்தது.

திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து 4.50க்கு வீடு திரும்பியதும் அலமாரியிலிருந்து 2007ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்தேன். ஆயுத பூஜை நாள் சரியாக இருந்தது: 11.10க்குக் குக்கரை நான் தொடங்கிவைத்தேன், சுண்டல், 12.30க்கு வீடு. முதலாளி அறையில் நான்கு பேர் இருந்த நாளைத் தேடினேன். 'காலை லேசான மழை. தொழிற்சாலை. மாலை தலைவலி, மாத்திரை ஒன்று.' அவ்வளவுதான். மோட்டார் ஓடிய நிமிடங்களைக்கூட எழுதுகிற நான், அந்த நாளில் அக்காவை எழுதவில்லை. அவர் தன் பெயரை எழுதிவைத்த 'யாரால்' என்ற பத்தி என் நாட்குறிப்பில் இருந்ததே இல்லை. முன்னோடிகளிடம் என்ன கற்றீர்கள் என்று யாராவது கேட்டால், ஒன்பது ஆண்டுகளாக நான் காட்டியது அவர்களுடைய கதைகளைத்தான்.

2025 ஜூலை 15, செவ்வாய்க்கிழமை. 5.05க்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை, நடக்கப் போகவில்லை, காப்பி குடிக்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு பைக்கை எடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேவாலயத்துக்குப் பின்தெருவில், நீலக் கேட்டுக்கு வெளியே அக்காவின் தங்கை வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். நேற்று ஞாபகம் இல்லை என்று சொன்னது பொய் என்று ஆரம்பித்தேன். கேள்வி, நீல மை, நான் எரிச்சலோடு வாங்கிய கையெழுத்து, பூஜை, பொத்தான், அந்த அறை, எடைக்குப் போன பதிவேடு என்று நடந்த வரிசையில் சொன்னேன். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு முழுவதையும் கேட்டார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"செத்த இருங்க. அம்மாவக் கூட்டியாறேன். அவியட்டயும் சொல்லிருங்க" என்றார். உள்ளே போகத் திரும்பியவர் நின்று, "அவியளுக்குக் காது மந்தம். சத்தமாச் சொல்லணும்" என்றார்.

எதிர் வீட்டில் பால் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எங்களைப் பார்த்தார்கள். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"அக்கா மேல தப்பு இல்லம்மா. தப்புப் பண்ணது நான்" என்றேன்.

அவர் காதோரம் கையைக் குவித்து வைத்துக்கொண்டார். "கேக்கலய்யா. இன்னொருக்கச் சொல்லுங்க."

தெருவே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னேன்.